கதவு தட்டினாலே நடுங்கிய வள்ளலார்: பயத்திலிருந்து விலக மூளை எப்படிப் பழகுகிறது?

யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் அவருக்கு நெஞ்சு கலங்கிவிடும். பக்கத்தில் இரண்டு பேர் உரக்கப் பேசிக்கொண்டால் உள்ளே நடுக்கம். காக்கை கரைந்தால், பருந்து கத்தினால், ஆந்தை அலறினால் பயம். பசுவும் கன்றும் கதறினால் பயம். தன்னைத் தேடி யாராவது வந்தால், இவர் முகத்தில் இருப்பது சந்தோஷமா துக்கமா, என்ன சேதி சொல்லப்போகிறாரோ என்று மனம் கிடந்து தவிக்கும். அந்தத் தவிப்பில் வந்தவரை வாங்க என்று கூப்பிடக்கூட மறந்துபோகும்.

தன் பயங்களை இப்படி ஒவ்வொன்றாக எழுதி வைத்தவர் வேறு யாருமில்லை, வள்ளலார் என்று தமிழ்நாடு கொண்டாடும் இராமலிங்க அடிகள்தான். திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் உள்ள பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் இவை வருகின்றன. பயிர் வாடுவதைப் பார்த்துத் தானும் வாடியதாக அவர் சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். அது வருவதும் இதே விண்ணப்பத்தில்தான். 133 பாடல்கள் கொண்ட அதில் அந்த ஓரிடம் மட்டும் மேடை மேடையாகப் புகழ்பெற்றுவிட்டது. சுற்றியிருக்கும் பயப் பட்டியலை அதிகம் பேர் படிப்பதில்லை.

பயம், பதற்றம், விலகிப் போகும் பழக்கம் ஆகியவை மூளையில் எங்கே, எப்படி உருவாகின்றன என்று விஞ்ஞானிகள் சில பத்தாண்டுகளாகத் துருவி வருகிறார்கள். அந்த ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ள இந்தப் பட்டியலைவிட நல்ல துணை தமிழில் கிடைப்பது கஷ்டம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 150 வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒருவருக்கு இன்று நோய்ப் பெயர் சூட்ட முடியாது, சூட்டவும் கூடாது. இறைவன் முன் தன்னைத் தாழ்த்திச் சொல்வது பக்திப் பாடல் மரபும்கூட. ஆனால் கதவு தட்டும் சத்தம், வந்தவரை வரவேற்க மறந்தது போன்ற விவரங்கள் மரபுக்காகச் சொன்னவை மாதிரித் தெரியவில்லை. அனுபவித்தவர் எழுதியது போலத்தான் இருக்கின்றன.

பொன்னேரிப் பக்கத்து அம்மாவின் பிள்ளை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் புறநகர் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் பொன்னேரியைக் கடந்துதான் போகிறார்கள். பொன்னேரியை ஒட்டிய ஊர் சின்னக்காவணம். வள்ளலாரின் அம்மா சின்னம்மை அந்த ஊர்ப் பெண். அப்பா இராமையா, சிதம்பரம் பக்கம் மருதூரில் கணக்கு வேலை பார்த்தவர். 1823 அக்டோபர் 5-ம் தேதி மருதூரில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார் இராமலிங்கம். குழந்தை தவழ்வதற்குள் அப்பா போய்விட்டார். ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சின்னம்மை தாய்வீடான சின்னக்காவணத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு அங்கிருந்து சென்னை ஏழுகிணறு, வீராசாமிப் பிள்ளை தெரு. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

விண்ணப்பத்தில் அம்மாவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வருகிறது. விவரம் தெரிய ஆரம்பித்த வயதில் சில நாள் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டாராம். பசிக்காக இல்லை. தான் சாப்பிடாவிட்டால் அம்மா முகம் வாடும், அதைப் பார்க்கப் பயம். கைம்பெண்ணான அம்மாவின் முகத்தையே பார்த்துப் பார்த்து வளர்ந்த கடைசிப் பிள்ளை. இந்த ஒரு தகவலுக்காகவே அந்த நூலை ஒருமுறை எடுத்துப் படிக்கலாம்.

பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார்கள். பையனோ கந்தகோட்டத்துக்குப் போய் முருகன் முன்னால் பாடிக்கொண்டிருந்தான். இவனுக்குப் படிக்க வைக்கத் தேவையில்லை என்று வாத்தியாரே சொல்லிவிட்டதாக வரலாறு. அண்ணனுக்குக் கோபம், சாப்பாடு போடாதே என்று மனைவிக்குக் கட்டளை. அண்ணி பாப்பாத்தி அம்மாள் ஒளித்து வைத்துச் சோறு போட்டார். கடைசியில் வீட்டு மாடியில் ஒரு தனி அறை கொடுத்தார்கள். சுவரில் கண்ணாடியை மாட்டி, விளக்கேற்றி அமர்ந்த சிறுவன், அந்தக் கண்ணாடியில் திருத்தணி முருகனைக் கண்டதாகப் பாடியிருக்கிறான். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள் அவருடைய ஆரம்பகாலப் பாடல்களில் அடிக்கடி தலைகாட்டும். திருத்தணி மீது நிறையப் பாடல்கள் உண்டு, திருவள்ளூர் வீரராகவர் மீதும் உண்டு.

உரத்த சத்தமும் ஒரு வாதுமைக்கொட்டையும்

நம் இரண்டு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் அடியாழத்தில், வாதுமைக்கொட்டை அளவில் பக்கத்துக்கு ஒன்றாக இருப்பது அமிக்டலா. கதவு படார் என்று அடித்தால், என்ன ஏது என்று நாம் யோசிப்பதற்கு முன்பே இது விழித்துக்கொள்ளும். இதன் ஓரப்பகுதி ஒலியையும் ஆபத்தையும் முடிச்சுப் போட்டு ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மையப்பகுதி உடம்புக்கு உத்தரவு போடுகிறது. இதயம் வேகமாக அடிக்க வேண்டும், வியர்க்க வேண்டும், கை கால் உறைந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கிருந்து வருகிற உத்தரவுகள்.

எல்லோருக்கும் அமிக்டலா இருக்கிறது. பிறகு ஏன் ஒருவர் மட்டும் அதிகம் நடுங்குகிறார்? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மை, புதுக் குரல், புது வாசனை காட்டிப் பார்த்தார். சுமார் ஐந்தில் ஒரு குழந்தை கை காலை உதறி அழுதது. அப்படிப்பட்ட குழந்தைகள் வளர்ந்தபோது கூச்சமும் தயக்கமும் அதிகம் தெரிந்தது. இரண்டு வயதில் தயக்கமுள்ளவர்கள் என்று குறிக்கப்பட்ட சிலரை, அவர்கள் பெரியவர்கள் ஆன பிறகு ஸ்கேன் செய்து பார்த்த முடிவு 2003-ல் வெளியானது. முன்பின் தெரியாத முகங்களைக் காட்டியபோது அவர்களுடைய அமிக்டலா மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்தது. ஆக, இந்தக் கூர்மை பிறவியிலேயே ஓரளவு வந்துவிடுகிறது. அதைக் கோழைத்தனம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது காத்திருக்கும் பயம். சத்தம் கேட்டதும் வருவது ஒரு வகை. என்ன சேதி வரப்போகிறதோ என்று மணிக்கணக்கில் அரிப்பது வேறு வகை. மேனேஜர் நாளைக்குப் பேசணும் என்று மெசேஜ் போட்டுவிட்டு ஆஃப்லைன் போனால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராதே, அது இரண்டாம் வகை. பி.என்.எஸ்.டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சிறு பகுதி அமிக்டலாவோடு பின்னிப் பிணைந்து இதில் பங்கெடுக்கிறது. எப்போது வரும், வருமா வராதா என்று தெரியாத ஆபத்துகளில் இதன் வேலை அதிகம். வந்தவர் முகத்தைப் பார்த்தே வள்ளலார் கலங்கி நின்றது இந்த ரகம்.

இன்னொரு விஷயமும் எழுதியிருக்கிறார். கண்ணுக்குக் கீழோ தோளோ லேசாகத் துடித்தால்கூட, இது யாருக்கோ வரப்போகும் துன்பத்தைக் காட்டுகிறதோ என்று உடைந்துபோவாராம். உடம்புக்குள் நடப்பதைக் கவனித்து அர்த்தம் சொல்லும் பகுதி இன்சுலா. பதற்ற சுபாவம் உள்ளவர்களுக்குப் படபடப்பு, துடிப்பு, மூச்சு எல்லாமே சேதியாகத்தான் தெரியும். ஆனால் இந்த மனிதரிடம் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கண் துடித்தால் பொதுவாக நமக்கு என்ன ஆகுமோ என்றுதான் பயப்படுவோம். அவர் பயந்தது அடுத்தவருக்காக.

விலகினால் கிடைக்கும் நிம்மதி

நல்ல சாப்பாடு கிடைத்தபோதெல்லாம், இந்தச் சுகத்துக்குப் பதிலாக என்ன துன்பம் வரப்போகிறதோ என்று நடுங்கி, வெறும் வயிற்றோடு இருந்துவிடுவாராம். கையை வீசி நடக்கக் கூச்சம், அதனால் கைகளைக் கட்டிக்கொண்டே நடந்தார். உடம்பு வெளியே தெரியக் கூச்சம், அதனால் வெள்ளைத் துணியால் முழுக்கப் போர்த்திக்கொண்டார். நாம் படங்களில் பார்த்துப் பழகிய அந்த முக்காடிட்ட உருவத்துக்குக் காரணமாக அவரே சொல்வது இந்தக் கூச்சத்தைத்தான்.

இதைத்தான் உளவியலில் தவிர்த்துப் பழகுதல் என்கிறார்கள். பயம் வருகிறது, விலகுகிறோம், உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதி மூளைக்குப் பரிசு மாதிரி. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் விலகுவோம். சிப்காட்டில் ஷிப்ட் போகும் ஒருவர் ஏதோ ஒரு மெஷின் பக்கத்தில் ஒருமுறை பயங்கரமாகப் பயந்துவிட்டார் என்று வையுங்கள். மறுநாள் சுற்றுவழியில் போகிறார், ஒன்றும் ஆகவில்லை. சுற்றுவழியில் போனதால்தான் தப்பித்தோம் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அந்த மெஷினைச் சரி செய்து ஆறு மாதம் ஆகியிருக்கலாம். அது அவருக்குத் தெரிய வழியே இல்லை, அவர்தான் அந்தப் பக்கமே போகவில்லையே!

பயந்த சுபாவம் கொண்ட ஒரு வகை எலிகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். மற்ற எலிகளைவிட அவை விலகக் கற்றுக்கொள்வது சீக்கிரம். ஆபத்தை நிறுத்திவிட்ட பிறகும் அந்தப் பழக்கத்தை விடுவதுதான் ரொம்ப லேட். பதற்றக் கோளாறு சிலரைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வதற்கும், பிடித்தால் விடாததற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸின் அடிப்பகுதிதான் இப்போது ஆபத்தில்லை என்று அமிக்டலாவை அடக்க வேண்டும். பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போனால்தான் அதற்கு அந்தப் பயிற்சி கிடைக்கும்.

வள்ளலாரின் வாழ்க்கையில் விலகல்கள் வரிசையாக வருகின்றன. 1850-ல், உறவினர் வற்புறுத்தலால் அக்கா மகள் தனக்கோடியைக் கல்யாணம் செய்தார். முதலிரவில் திருவாசகம் படித்தார் என்பார்கள், இல்லறத்தில் அவர் ஈடுபடவே இல்லை. அந்தப் பெண்ணின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. 1858-ல் சென்னையையே விட்டுக் கிளம்பினார். காசு தேடும் ஊரில் இருந்தால் வம்பு வரும் என்று பயந்து சின்ன ஊர்களைத் தேடிப் போனதாக அவரே காரணம் சொல்கிறார். வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழியில், வேங்கட ரெட்டியார் வீட்டில் சுமார் ஒன்பது வருஷம் தங்கினார்.

பாடல்களை அச்சில் கொடுக்கவும் இழுத்தடித்தார். சென்னை நண்பர் இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் இருந்துதான் சம்மதம் வாங்கினார். ஒருவர் தன்னால் பட்டினி கிடக்கிறார் என்பதை இவரால் தாங்க முடியாது என்று அந்த நண்பருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது! தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்த திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-ல் வெளிவந்தன. தன்னை இராமலிங்க சாமி என்று போடுவது ஆரவாரம் என்று அதற்கும் அவர் மறுப்பு எழுதினார்.

ஓட முடியாத ஒரு பயம்

சென்னை வேண்டாமென்றால் கிராமத்துக்குப் போகலாம். நல்ல சோறு பயமென்றால் பட்டினி கிடக்கலாம். ஆனால் பட்டியலில் ஒன்று மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வந்தது, அடுத்தவர் பசி. வீடு வீடாகப் போய்க் கேட்டும் சோறு கிடைக்காமல் களைத்துப்போனவர்களைப் பார்த்தால் அவரால் தாங்க முடியவில்லை. 1866-ல் ஒரிசா தொடங்கி கிழக்குக் கரை நெடுகப் பஞ்சம் வாட்டிய காலம் அது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜோசப் லெடூவின் குழு செய்த எலிச் சோதனைகள் இந்த இடத்தில் உதவும். ஒரு ஒலி கேட்கும், சற்று நேரத்தில் காலில் ஷாக் அடிக்கும். ஒலி கேட்டதுமே பக்கத்து அறைக்கு நகர்ந்துவிட்டால் ஷாக் கிடையாது. பெரும்பாலான எலிகள் இதைக் கற்றுக்கொண்டன. சில எலிகள் எத்தனை தடவை ஆனாலும் உறைந்து நின்று ஷாக் வாங்கின. உறைந்து நின்ற எலிகளின் அமிக்டலா மையப்பகுதியைச் செயலிழக்க வைத்தபோது, அவையும் நகர ஆரம்பித்தன. அதாவது உறைந்து நிற்பதும் செயலில் இறங்குவதும் ஒரே பயத்திலிருந்து பிரியும் இரண்டு ரூட். ஒன்று மையப்பகுதி வழியாகப் போய் ஆளை முடக்குகிறது. இன்னொன்று அமிக்டலாவின் அடிப்பகுதியிலிருந்து நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற இடத்துக்குப் போகிறது. ஊக்கம், பரிசு, செயல் சம்பந்தப்பட்ட இடம் அது.

மனிதர்களிடம் செய்த இன்னொரு ஆராய்ச்சியும் உண்டு. 2004-ல் லண்டனில் டானியா சிங்கர் குழு தம்பதிகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தது. கணவருக்குக் கையில் வலி கொடுக்கப்படுகிறது என்று தெரிந்ததும், ஸ்கேனரில் படுத்திருந்த மனைவியின் இன்சுலா விழித்துக்கொண்டது. தனக்கே வலிக்கும்போது விழிக்கும் அதே பகுதி. பிற்பாடு ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் சேர்ந்து செய்த பயிற்சி ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அடுத்தவர் வலியை அப்படியே உள்வாங்கப் பழக்கியபோது ஆட்கள் சோர்ந்துபோனார்கள், இன்சுலாவின் வேலையும் கூடியது. பிறகு அதே ஆட்களுக்கு, வலியில் இருப்பவர் மேல் அன்பும் அவருக்கு உதவும் எண்ணமும் வளரும்படி பயிற்சி கொடுத்தார்கள். சோர்வு குறைந்தது. மூளையில் வேலை செய்தது வேறு வலைப்பின்னல், நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் இருக்கிற வட்டாரமும் அதில் அடக்கம்.

1867 மே 23-ம் தேதி வடலூரில் வள்ளலார் அடுப்பு மூட்டினார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்திருந்தார்கள். சத்திய தரும சாலை என்று பெயர். சாதி, மதம், ஊர் எதையும் கேட்காமல் பசித்து வந்த எல்லாருக்கும் சாப்பாடு. யார் முகத்தைப் பார்த்துக் கலங்கி வரவேற்கவே மறந்தாரோ, அப்படிப்பட்ட முகங்கள் தினமும் வந்து நிற்கும் இடத்தை அவரே உண்டாக்கினார். ஜீவகாருணிய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில், பசி வந்தால் உடம்பும் அறிவும் என்னென்ன பாடு படும் என்று அங்கம் அங்கமாக எழுதியிருப்பதைப் படித்தால் மருத்துவக் குறிப்பு மாதிரி இருக்கும். பசியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆள் அப்படி எழுதியிருக்க முடியாது.

பயம் போய்விட்டதா என்றால், அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. கூச்சமும் ஒதுங்கலும் கடைசிவரை தொடர்ந்தன. ஆறுமுக நாவலர் தரப்போடு அருட்பா, மருட்பா என்று கிளம்பிய சண்டை 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. ஆரவாரமே வேண்டாம் என்றவருக்குக் கோர்ட் வாசல்! 1870-ல் தரும சாலையிலிருந்தும் விலகி மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்துக்குப் போய்விட்டார். 1872 ஜனவரியில் வடலூரில் சத்திய ஞான சபை திறக்கப்பட்டது. 1874 ஜனவரி 30-ம் தேதி சித்தி வளாகத்து அறைக்குள் போய்க் கதவை அடைக்கச் சொன்னார். அதன்பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. அரசு அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது என்கிறார்கள்.

அவர் மறைந்து இரண்டே வருஷத்தில், 1876-ல், சென்னை மாகாணம் அதுவரை கண்டிராத பெரும் பஞ்சம் தொடங்கியது. அப்போது வடலூர் அடுப்புக்கு வயது ஒன்பது. இன்றும் அது எரிகிறது, அணையா அடுப்பு என்றுதான் ஊரில் பெயர்.

ஆறாம் திருமுறையை வெளியிட அவருக்கு விருப்பமில்லை. முதல் தொகுதிகளைக் கொண்டுவந்த தொழுவூர் வேலாயுத முதலியாரும் அதைத் தொடவில்லை. வேறு அன்பர்கள் முயற்சியில் 1885-ல்தான் அது அச்சேறியது. கதவு தட்டினால் கலங்கிய விஷயம் வெளியுலகுக்குத் தெரிய வந்தது, அவர் அந்த அறைக் கதவை அடைக்கச் சொல்லி 11 வருஷம் கழித்து.